முல்லையும் மாயோன் திருவடியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திண்டுக்கல் நகருக்கு வடக்கே, குடகனாற்றங்கரையில், தாடிக்கொம்பு என்னும் திருத்தலத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு ஸ்ரீ ஸௌந்தரராஜன் என்று திருநாமம். ஸௌந்தர்யமாவது அழகு. அழகுக்கெல்லாம் அரசன் என்பது அத்திருநாமத்தின் பொருள். அவனை ஸேவிக்க வரும் பக்தர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு முழம் பூவாவது, ஒரு கொத்துத் துளஸியாவது கையில் ஏந்தியே ஸந்நிதிக்கு வருகிறார்கள்.

இங்கே ஒரு வினா எழக்கூடும். அழகே வடிவாயிருப்பவனுக்குப் பூவினால் ஆகவேண்டிய அழகு என்ன இருக்கிறது? அவாப்த ஸமஸ்த காமன் என்று சாஸ்திரம் சொல்லும் அவனுக்கு, அதாவது அடையவேண்டியதையெல்லாம் அடைந்திருப்பவனுக்கு, ஒரு முழம் பூவினால் நிறையும் குறை ஏது?

நிலமெல்லாம் தனக்கே உரிய அரசனிடம் குடியானவன் ஒருவன் முதற்கதிரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அரசன் அதை இரு கைகளாலும் வாங்கிக் கொள்கிறான். அவனுக்குப் பசி என்பதாலன்று. கொடுப்பவனுடைய ஆறு மாத உழைப்பு அக்கதிரில் இருக்கிறது என்பதால் வாங்குகிறான். பகவானும் அப்படியே. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இலை, பூ, பழம், நீர் என்னும் நான்கினை அவன் பெயரிட்டுச் சொல்லி, பக்தியோடு தந்தால் உண்கிறேன் என்று அருளியிருக்கிறான். இந்நான்கையும் சற்றே ஊன்றி நோக்கவேண்டும். முதல் மூன்றும் செடியிலிருந்து வருபவை. நான்காவதாகிய நீர், செடிக்கு வார்ப்பது. ஆக, ஒரு செடியை நட்டு நீர் வார்த்து வளர்ப்பவன், கீதாசார்யன் கேட்டவற்றையெல்லாம் ஓரிடத்திலேயே சேகரிக்கத் தொடங்கிவிடுகிறான். பூ கடைசியில் வருவது. அதற்கு முன்னே நடக்கும் வளர்ப்பும் காப்பும் ஆராதனமேயாகும்.

பூர்வர்கள் காட்டிய வழி

ஆழ்வார் ஆசார்யர்களின் சரித்திரத்தில் நந்தவனம் பெற்றிருக்கும் இடம் பெரிது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து வடபெருங்கோயிலுடையானுக்கு மாலை கட்டி வந்தார். ஆடிப் பூரத்தன்று அந்த நந்தவனத்துத் துளஸிச் செடியின் அடியிலேதான் ஆண்டாள் திருவவதரித்தாள். அவள் சூடிக் களைந்த மாலைக்கு உள்ள ஏற்றம், இன்றும் புரட்டாசி பிரம்மோற்ஸவத்தில் கருட ஸேவைக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை திருமலைக்குச் செல்வதிலே விளங்கும். திருமண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர் திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து, பூக்குடலையும் கையுமாக அரங்கனுக்குத் தொண்டு செய்து, தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஆனார்.

இவ்வழியில் வந்தவர்களுள் அனந்தாழ்வானின் சரித்திரம் புஷ்ப கைங்கர்யத்துக்கே இலக்கணமாக நிற்பது. ஸ்ரீரங்கத்தில் உடையவர் காலக்ஷேபம் ஸாதித்துக் கொண்டிருக்கையில், திருமலைக்குச் சென்று நந்தவனம் அமைத்து வேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்யவல்லார் உண்டோ என்று கோஷ்டியை நோக்கிக் கேட்டருளினார். குளிரும் காடும் கொடுவிலங்கும் மிகுந்திருந்த மலை அது. எல்லாரும் மௌனமாயிருக்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். நீரே ஆண்பிள்ளை என்று ஆசார்யன் உகந்தருளினார்.

திருமலையில் பூஞ்செடிகளுக்கு நீர் வேண்டி அவர் ஏரி வெட்டினார். தாம் மண்ணை வெட்ட, கர்ப்பவதியாயிருந்த தேவிகள் கூடையில் சுமந்து கொட்டினார். ஒரு சிறுவன் வந்து அவ்வம்மையாருக்குத் துணையாகக் கூடையை வாங்கிச் சுமந்தான். ஆசார்யன் தமக்கு இட்ட கைங்கர்யத்தில் வேறொருவன் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான், கையிலிருந்த கடப்பாறையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. சிறுவன் ஓடி மறைந்தான். பின்னர் ஸந்நிதியில் எம்பெருமானின் திருமோவாயில் இரத்தம் பெருகக் கண்டு அவர் உருகிப் பச்சைக் கற்பூரம் சாற்றினார். இன்றும் திருமலை மஹாத்வாரத்தில் அந்தக் கடப்பாறை இருப்பதையும், திருமோவாயில் கற்பூரம் சாற்றப்படுவதையும் யாத்ரீகர்கள் ஸேவிக்கலாம்.

அவரைப் பற்றி இன்னொரு வரலாறும் பெரியோர் சொல்வர். அனந்தாழ்வான் மாலை கட்டிக் கொண்டிருக்கையில் எம்பெருமானே அவரை அழைத்து வர ஆளனுப்பினான். அவர் உடனே எழவில்லை. மாலையை முடித்து எடுத்துக்கொண்டுதான் ஸந்நிதிக்குச் சென்றார். காலதாமதம் ஏன் என்று கேட்க, ஆசார்யன் தம்மை அனுப்பியது பூத்தொண்டுக்கே என்றும், அது முடியாதிருக்க வேறொன்றும் தமக்கு இல்லை என்றும் விண்ணப்பம் செய்தார். பெருமான் அதற்கு உகந்தானேயன்றிக் கோபிக்கவில்லை. தரிசனத்தைக் காட்டிலும் தொண்டு பெரிது என்று அவன் தானே ஒப்புக்கொண்ட இடம் இது.

முல்லைக்குள்ள சிறப்பு

மலர்களுள் முல்லை, தமிழகத்தில் திருமாலுக்கே உரிய நிலத்தின் பெயரைத் தாங்கியது. தொல்காப்பியம் நிலங்களை வகுக்கும்போது காடும் காடு சார்ந்த இடமுமாகிய முல்லைக்கு மாயோனையே தெய்வமாகச் சொல்கிறது. முல்லைக்குரிய பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். பிரிந்து சென்றவன் வருவான் என்ற உறுதியோடு ஆற்றியிருத்தலே இருத்தலாகும். சேதநன் பகவானுக்காகக் காத்திருக்கும் நிலையும் இதுவே. திருவாய்மொழியின் ஒன்பதாம் பத்திலே நம்மாழ்வார் ஆய்ச்சியின் நிலையை அடைந்து, மாலைப்பொழுது வந்த பின்னும் ஆநிரை மேய்க்கப்போன கண்ணன் வரவில்லையே என்று தவிப்பதை ஸேவித்தவர்கள், முல்லைக்கும் மாலைக்கும் மாலுக்கும் உள்ள தொடர்பை அறிவர்.

முல்லை தென்னாட்டு மண்ணுக்கே உரியது. மல்லிகையின் மொட்டு உருண்டு தடித்திருக்கும். முல்லையின் மொட்டு மெலிந்து நீண்டிருக்கும். தானே விட்டால் கொடியாகப் படரும். வெட்டி வளர்த்தால் புதராக நிற்கும். அதன் இலையடியைக் கூர்ந்து பார்த்தால், பெரிய இலையின் இருபுறமும் காதுகள் போன்ற இரண்டு சிற்றிலைகள் தெரியும். செடிநூலார் அதற்கு இட்ட பெயரும் சிறு காதுகளை உடையது என்னும் பொருள் கொண்டதே. ஒன்பது வகை பக்தியில் முதலாவது ச்ரவணம், அதாவது கேட்டல். இலைதோறும் காதுடைய ஒரு செடி எம்பெருமான் நந்தவனத்தில் நிற்பது எவ்வளவு பொருத்தம்!

வளர்க்கும் முறையும் அதன் உட்பொருளும்

முல்லையை விதையிட்டு வளர்ப்பதில்லை. பதியன் போட்டோ, முற்றிய குச்சியை நட்டோ உண்டாக்குவர். பதியன் என்பது தாய்ச்செடியின் கிளையை வளைத்து, மண்ணுக்குள் புதைத்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்து விடுவது. மண்ணுக்குள் வேர் விடும் வரை அக்கிளை தாய்ச்செடியின் சாரத்தையே உண்டு வாழ்கிறது. மூன்று நான்கு மாதத்தில் வேர் பிடித்த பின்னரே அதை அறுத்துப் பிரித்து வேறிடத்தில் நடுகிறார்கள். ஆசார்ய ஸம்பந்தம் என்பது இதுவே. தன் வேர் இன்னதென்று அறியாத நிலையிலும் சிஷ்யன் வாடாதிருப்பது ஆசார்யனுடைய சாரத்தினாலே. வளையாத கிளை பதியன் ஆவதில்லை என்பதையும் கருதவேண்டும்.

ஆனி முதல் கார்த்திகை வரை நடுவதற்கு ஏற்ற காலம். ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழியில் நன்கு மக்கிய தொழுவுரம் பத்துக் கிலோ அளவு இட்டு மேல்மண்ணோடு கலந்து நடவேண்டும். செடிக்குச் செடி ஐந்தடியாவது இடைவெளி வேண்டும். திண்டுக்கல் சமவெளியின் செம்மண் முல்லைக்கு ஏற்றது. நீர் தேங்காதிருப்பதே முக்கியம். நிழலில் வைத்த முல்லை இலையாகத் தழைக்குமேயன்றிப் பூக்காது. நாள் முழுவதும் வெயில் படும் இடமே அதற்கு உரியது. சுகமான இடம் தேடி ஒதுங்கும் பக்தியும் இப்படித் தழைத்து நிற்குமே தவிரப் பூப்பதில்லை.

வேர் பிடிக்கும் வரை அடிக்கடியும், பின்பு வாரம் ஒரு முறையும் நீர் போதும். அன்பின் மிகுதியால் தினமும் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகும். அதே சமயம், உற்சவத்தன்று மட்டும் வந்து பத்துக் குடம் ஊற்றிவிட்டு அடுத்த உற்சவம் வரை மறந்துபோனாலும் செடி நில்லாது. செடி கேட்பது அளவையும் தவறாமையையும். நித்ய கர்மாநுஷ்டானத்துக்குச் சாஸ்திரம் விதிப்பதும் இவ்விரண்டையே.

இலை வெளுத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பசுமையாயிருந்தால் மண்ணில் இரும்புச்சத்து செடிக்கு எட்டவில்லை என்று பொருள். லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளித்தால் தேறும். மொட்டுக்குள் புழு புகுந்து துளைப்பது உண்டு. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டர் நீருக்கு ஐம்பது கிராம் அளவில் இரவு ஊறவைத்து, வடிகட்டி மாலையில் தெளிப்பது நல்லது. புழுத்த மொட்டுக்களைச் செடியிலேயே விட்டுவைக்கலாகாது. ஒரு மொட்டின் தோஷம் கொத்து முழுவதையும் பற்றும்.

இனி, வளர்ப்பில் தலையாயது கவாத்து. மல்லிகைக்குக் கார்த்திகையிலும், முல்லைக்குத் தை மாதத்தின் நடுவிலும் கவாத்துச் செய்வது தமிழகத்தார் கண்ட முறை. முல்லையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிடுகிறார்கள். சென்ற பருவம் முழுவதும் பூத்துக் குலுங்கிய கிளைகள் அவ்வளவும் தரையில் விழும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதற்குக் கை வராது. ஆசையோடு வளர்த்த கிளையை வெட்டுவதா என்று தயங்கி விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட செடி அடுத்த ஆண்டு நீண்டு படர்ந்து, உச்சியில் நாலு பூ பூத்து நிற்கும். ஏனெனில் முல்லை பூப்பது புதுத் துளிரில். பழங்கிளை எவ்வளவு பெரிதாயினும் அதில் நிறைந்த பூ வராது. வெட்டிய செடிக்குத் தொழுவுரம் இட்டு, மண் அணைத்து, நீர் பாய்ச்சினால், சில வாரங்களில் அடியிலிருந்து துளிர்கள் கிளம்பி, ஆனி முதல் புரட்டாசி வரை மிகுதியாகப் பூக்கும்.

உற்சவத்துக்கு வருகிறவர்களில் பலர் ஏதோ ஒன்றை இழந்து வருகிறவர்கள். பயிர் போனவர் உண்டு, தொழில் போனவர் உண்டு, உற்றாரைப் பறிகொடுத்தவர் உண்டு. பகவான் ஏன் இப்படி வெட்டினான் என்ற கேள்வியோடு ஸந்நிதியில் நிற்கிறார்கள். தான் அநுக்ரஹிக்க நினைத்தவனுடைய உடைமைகளைப் பகவான் மெல்ல விலக்குவதுண்டு என்று ஸ்ரீமத் பாகவதமும் சொல்லுகிறது. துக்கம் பொய் என்று இதனால் சொல்லியதாகாது. வெட்டுண்ட கிளையில் வடு தெரியத்தான் செய்யும். ஆனால் தோட்டக்காரன் கையில் உள்ள கத்தி ஒன்றரை அடிக்குக் கீழே இறங்குவதில்லை. வேரை அது தொடுவதில்லை. வெட்டிய அன்றே உரமும் நீரும் இடுபவனும் அவனே. விறகு வெட்டுகிறவனுக்கும் கவாத்துச் செய்கிறவனுக்கும் உள்ள வேற்றுமை இதுதான். தைமாதத்து முல்லையைப் பார்த்தவன் அழுவான். ஆனிமாதத்து முல்லையையும் பார்த்தவன் பொறுத்திருப்பான். இதனாலேயே முல்லைக்கு இருத்தல் உரித்தாயிற்று போலும்.

பறிப்பதற்கும் முறை உண்டு. ஸ்நாநம் செய்து, விடியற்காலையில், நன்கு முற்றி இன்னும் விரியாத மொட்டுக்களையே பறிக்கவேண்டும். தரையில் விழுந்ததும், வாடியதும், முகர்ந்ததும், புழு அரித்ததும், பிறர் தோட்டத்தில் கேளாமல் பறித்ததும் பகவானுக்கு ஆகா. காலையில் பறித்த மொட்டு மாலையில்தான் அவிழும். ஆகையால் முல்லை செடியில் மலர்வதைக் காட்டிலும் எம்பெருமான் திருமார்பில் மலர்வதே உசிதம். திருமாலை சாற்றும்போது மொட்டாயிருந்தது, ஸாயரக்ஷைக்குள் மணம் வீசி விரிந்திருக்கும். வளர்த்தவன் கண்ணால் காணாத மலர்ச்சி அது. காணாத பலனைப் பெருமானிடம் விட்டுவிடுவதற்கே ஸாத்விக த்யாகம் என்று பெயர்.

இக்காலத்து நிலை

திண்டுக்கல் சீமை பூவுக்குப் பெயர் பெற்றது. நிலக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் உள்ள பூச்சந்தைகளில் விடிவதற்கு முன்னரே மல்லிகையும் முல்லையும் பிச்சியும் மூட்டை மூட்டையாக வந்து குவியும். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இம்மாவட்டத்தில் பயிராவதுதான். இவ்வளவு பூ விளையும் நாட்டில், பல திருக்கோயில்களின் நந்தவனங்கள் முள்ளும் புதருமாகக் கிடப்பதை என்னென்று சொல்வது! நந்தவனத்துக்கென்று முன்னோர் விட்டுச் சென்ற இடம் இருக்கும், கிணறும் இருக்கும், இறைக்க ஆள் இராது. பெருமானுக்கு வேண்டிய பூ சந்தையிலிருந்து வரும்.

பனிக்காலத்தில் பூ வரத்து குறைகிறது. முகூர்த்த நாள் சேர்ந்துவிட்டால் ஒரு கிலோ மல்லிகை சில ஆயிரம் ரூபாய்க்கு விலை போகிறது. உபயதாரர் கொடுத்த தொகை அப்படியே இருக்க, மாலை மட்டும் மெலிகிறது. கல்யாண மண்டபத்து வாசலில் பந்தல் முழுவதும் பூவாகத் தொங்க, ஊர்க்கோயில் பெருமானுக்கு ஒரு சரம் சாற்றும் நாட்களும் உண்டு. மேலும், சந்தைப் பூவில் எத்தனை முறை பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது என்பதை வாங்குகிறவர் அறியார்.

இதனால் பூ விற்பவரைக் குறை கூறுவதாகக் கொள்ளலாகாது. மதுராபுரியில் கண்ணனும் பலராமனும் தாமே தேடிச் சென்றது ஸுதாமா என்னும் மாலாகாரனின் வீட்டுக்கு. அவன் மாலை கட்டி விற்றுப் பிழைத்தவனே. வந்தவர்கள் யாரென்று உணர்ந்ததும் விலை பேசாமல் நறுமணமுள்ள மாலைகளைத் தேர்ந்து சூட்டினான். கண்ணன் வரம் தர முன்வந்தபோது, அசையாத பக்தியையும், பாகவதர்களிடம் நட்பையும், எல்லா உயிர்களிடமும் தயையையுமே கேட்டான். நிலக்கோட்டைச் சீமையில் நள்ளிரவில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூப்பறிக்கும் குடியானவப் பெண்களும் அவன் வழியில் வந்தவர்களே. அவர்களுக்கு உரிய விலை கிடைக்கத்தான் வேண்டும். குறை, வாங்குகிறவர் பக்கத்தில் இருக்கிறது. பணத்தைக் கட்டி ரசீது பெற்றதோடு புஷ்ப கைங்கர்யம் முடிந்தது என்று நினைப்பதே குறை. பூவை விலைக்கு வாங்கலாம். அனந்தாழ்வான் சுமந்த மண்ணை விலைக்கு வாங்க முடியாது.

செய்யத் தக்கவை

யாத்ரீகர்கள் இவ்வுற்சவத்திலிருந்து ஊர் திரும்புகையில் ஒரு ஸங்கல்பத்தை எடுத்துச் செல்வது நலம். வீட்டில் வெயில் படும் இடம் நாலடி இருந்தால் ஒரு முல்லை வைக்கலாம். நிலம் இல்லாதவர் மாடியில் பெரிய மண்தொட்டியில் வைக்கலாம், அடியில் துளையிருக்கவேண்டும். நட்ட முதல் ஆண்டில் கிடைப்பது கொஞ்சமே. இரண்டாம் ஆண்டு முதல் நிறையப் பூக்கும். முறையாகப் பேணினால் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு பலன் தரும். முதலில் பறித்ததை ஊர்ப்பெருமானுக்குச் சேர்ப்பித்துவிட்டுப் பின்னர் வீட்டுப் பெண்கள் சூடிக்கொள்ளலாம்.

ஊரில் பாழ்பட்ட நந்தவனம் இருந்தால், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, கோயில் அதிகாரிகளின் அநுமதியோடு, ஆளுக்கொரு கிழமையாக நீர் வார்க்கும் பொறுப்பை ஏற்கலாம். நூறு செடி நட்டு மூன்று மாதத்தில் காயவிடுவதைக் காட்டிலும் பத்துச் செடி நட்டுப் பத்தையும் காப்பது மேலானது. களைந்த மாலைகளைத் தெருவோரத்திலும் ஆற்றிலும் எறியாமல், நூலையும் ஜிகினாவையும் நீக்கி, மக்கவைத்து நந்தவனத்துச் செடிகளுக்கே இடவேண்டும். பெருமான் திருமார்பில் கிடந்த நிர்மால்யம் மறுபடியும் அவனுக்கே மலராகி வரும்.

குழந்தைகளின் கையில் நீர்க்குடத்தைக் கொடுப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. தான் நீர் வார்த்த செடியின் பூ பெருமான் கழுத்தில் இருப்பதைக் கண்ட குழந்தைக்கு, அந்தக் கோயில் வேற்றிடம் ஆகாது.

எட்டு மலர்களால் விஷ்ணு உகக்கிறான் என்று பெரியோர் எண்ணுவர். அஹிம்ஸை, புலனடக்கம், ஸர்வ பூத தயை, பொறுமை, சாந்தி, தபஸ், த்யானம், ஸத்யம் என்பன அவை. இவ்வெட்டும் சந்தையில் கிடைப்பவை அல்ல. ஆனால் ஒரு செடியை ஓராண்டு தவறாமல் வளர்த்தவனிடம் இவற்றுள் சிலவேனும் தாமே முளைத்திருக்கும். உயிர் வாடப் பொறாத தயை, நீர் வார்க்கத் தவறாத தபஸ், கவாத்துக்குப் பின் காத்திருக்கும் பொறுமை ஆகியவை முல்லையோடு கூடவே வளர்பவை. கையிலிருக்கும் பூவோடு இந்தப் பூக்களும் சேர்ந்த மாலையையே ஸ்ரீ ஸௌந்தரராஜன் தனக்கு அலங்காரமாகத் திருவுள்ளம் பற்றுகிறான்.

திருநாள் ஸேவிக்க வந்த அனைவருக்கும் அவன் திருவருளால் மழையும் விளைவும் ஆரோக்யமும் மேன்மேலும் உண்டாகுக. வறண்ட நந்தவனங்கள் தோறும் முல்லை தழைப்பதாக.

சுபம்.